பரீட்சை நடத்தும் விதமும் பிள்ளைகளின் மார்க்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். வருஷா வருஷம் வேறு பள்ளிகளுக்கு அறைக் கண்காணிப்பாளராகவும் போகிறேன். பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படிப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பரீட்சையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. அது மாறினால் மார்க்கும் மாறுகிறது.

வீட்டில் கேட்டால் கடகடவென்று சொல்கிறான். பரீட்சையில் மட்டும் கோட்டை விடுகிறான். பொய் சொல்கிறானா?

இல்லை. வாயால் சொல்வதும் தாளில் எழுதுவதும் இரண்டு வேறு வேலைகள். எழுதும்போது கேள்வியைத் தானே படிக்க வேண்டும், என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும், எழுத்துப் பிழை பார்க்க வேண்டும், கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். இதில் எங்கே தடுக்கினாலும் தெரிந்த விடை தாளுக்கு வராது. கணக்கில் இதை நான் தினமும் பார்க்கிறேன். "ஒரு வியாபாரி 12 டஜன் முட்டை வாங்கினார்" என்று தொடங்கும் வாழ்வியல் கணக்கைத் தாளில் பார்த்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதே கணக்கை நான் வாசித்துக் காட்டினால் உடனே போட்டுவிடுகிறாள். அவளுக்குப் பெருக்கல் தெரியும். வாசிப்புதான் தடை. தாளில் அவள் வாங்கிய பூஜ்யம் கணக்குக்கான பூஜ்யம் என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் கிராமம் கிராமமாகப் போய், பிள்ளைகளுக்கு எவ்வளவு வாசிக்க வருகிறது என்று பார்க்க நடத்தும் அசர் ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தச் சோதனை நடக்கும் விதத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில், ஒரு நேரத்தில் ஒரு குழந்தையோடு மட்டும் உட்காருகிறார்கள். முதலில் ஒன்றாம் வகுப்பு அளவிலான சிறு பத்தியைக் கொடுக்கிறார்கள். சரளமாகப் படித்தால் இரண்டாம் வகுப்பு அளவிலான கதைக்கு ஏறுவார்கள். திணறினால் சொற்களுக்கு இறங்குவார்கள், அதுவும் வரவில்லை என்றால் எழுத்துகளுக்கு. ஐந்து சொல் படிக்கச் சொல்லி நாலு சரியாக இருந்தால் போதும், அந்த நிலை அவனுக்கு உண்டு. பிள்ளை தெரியாததில் முட்டிக்கொண்டு நிற்பதில்லை, தெரிந்த இடம்வரை போய் நிற்கிறது. நம் எழுத்துத் தேர்வில் எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளை வாங்கிய ஒருவனுக்கு ஐந்தாம் வகுப்பு அளவு தெரியும் என்ற தகவல் எங்குமே வெளிவராது. "2 மார்க்" என்றுதான் வரும்.

அப்படியானால் வாய்மொழித் தேர்வே வைத்துவிடலாமே?

நாற்பது பேரைத் தனித்தனியாகக் கேட்க ஓர் ஆசிரியருக்கு நாலு நாள் ஆகும். வாசிக்கத் திணறும் ஐந்தாறு பேருக்கு மட்டும் செய்தால் ஒரு மதியத்தில் முடியும். பள்ளி அளவிலான தேர்வுகளில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

கண்காணிப்பவர் யார் என்பதால் பிள்ளையின் மார்க் மாறுமா?

சிறு வகுப்புகளில் மாறும். பழகிய முகம் தேர்வு வைத்தால் குழந்தைகள் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதை, அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்காவில் 1986-லேயே காட்டிவிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் அதிகமாக இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வுக்கு, ஒருமுறை ஒரு மூன்றாம் வகுப்புக்கு வெளி ஆளாகப் போயிருந்தேன். முதல் பென்ச்சில் ஒரு சிறுமி பென்சிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, நான் என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது போல" என்று நினைத்துவிட்டேன். அப்புறம் மதிய உணவு வரிசையில் பார்த்தால், தட்டில் எத்தனை முட்டை, எத்தனை பேர் வரவில்லை, மிச்சம் எத்தனை வரும் என்று சமையல் அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். அன்றிலிருந்து வெளிப் பள்ளிக்குப் போனால் முதல் பத்து நிமிடம் தேர்வைத் தொடுவதில்லை. பெயர் கேட்பேன், ஊர் கேட்பேன், வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா என்று கேட்பேன். அந்தப் பத்து நிமிடம் வீண் இல்லை.

தேர்வு அறையில் சாதி எங்கே வருகிறது? இதை ஏன் நீங்கள் அடிக்கடி பேசுகிறீர்கள்?

நான் பேசுவதற்குக் காரணம் ஒரு சோதனை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களை வைத்து நடத்தியது. முடிவு 2006-ல் வெளியானது. பையன்களுக்குக் கொடுத்தது பாடம் இல்லை, சுற்றுப்பாதைப் புதிர்கள். சிறுவர் மலரில் "முயலுக்கு வழி காட்டுங்கள்" என்று வருமே, அந்த மாதிரி. ஒரு புதிர் முடித்தால் ஒரு ரூபாய். ஒரு குழுவுக்கு ஆறு பேர்: மூன்று பேர் ஆதிக்கச் சாதி, மூன்று பேர் தலித்.

சில குழுக்களில் சாதிப் பேச்சே எடுக்கவில்லை. அங்கே இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் புதிர்களை முடித்தார்கள். வேறு சில குழுக்களில் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். வேறு எதுவும் மாறவில்லை. அந்தக் குழுக்களில் தலித் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று சரிந்து, பெரிய இடைவெளி விழுந்தது. அதே வயது, அதே தாள், அதே ஒரு ரூபாய்.

இதைப் படித்த அன்று எனக்கு என் ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது. உதவித்தொகைப் படிவம் நிரப்ப வேண்டும் என்று, காலாண்டுப் பரீட்சை தொடங்கும் நேரத்தில், "இந்தச் சாதிக்காரப் பசங்கெல்லாம் எழுந்திருங்க" என்றார் ஒருவர். எழுந்து நின்றவர்களில் என் பக்கத்து பென்ச் நண்பனும் ஒருவன். அவன் உட்கார்ந்தபின் ரொம்ப நேரம் பேனா மூடியைத் திறக்கவில்லை. அவருக்கு அது ஒரு படிவ வேலை, பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். அவ்வளவுதான் நினைத்திருப்பார்.

ஆசிரிய நண்பர்களே, உதவித்தொகைப் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் என எதுவாக இருந்தாலும் வகுப்பில் வாய்விட்டுக் கேட்காதீர்கள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதுவும் தேர்வு இல்லாத நாளில். விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கை உரக்கப் படிப்பது, மார்க் வரிசைப்படி உட்கார வைப்பது ஆகியவற்றையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம். பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. வகுப்பறையில் மட்டும் நாம் ஏன் தொடர வேண்டும்?

காலையில் எழுதினால் நன்றாக எழுதுவார்கள், மதியம் மந்தமாகிவிடும் என்கிறார்களே?

உண்மைதான். டென்மார்க்கில் எட்டு முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகள் எழுதிய சுமார் 20 லட்சம் தேர்வுகளை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே கம்ப்யூட்டர் காலியாக இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் தேர்வு நேரத்தை ஒதுக்குவார்கள். அதனால் யார் காலையில் எழுதுகிறார், யார் மதியம் எழுதுகிறார் என்பது தற்செயலாக அமைந்தது. ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. தேர்வுக்கு முன் 20 முதல் 30 நிமிட இடைவேளை கொடுத்தபோது, ஒரு மணி நேரத்தில் இறங்கியதற்கும் மேலாகவே ஏறியது. பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் இடைவேளையால் கூடுதல் பலன்.

இறக்கம் சிறியதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் அரையாண்டில் இடம் போதாது என்று பல பள்ளிகளில் சில வகுப்புகளை மதியத்துக்குத் தள்ளுகிறோம். சத்துணவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பெல் அடித்து ஹாலுக்குள் அனுப்பிவிடுகிறோம். பெல்லுக்கு முன் இருபது நிமிடம் மரத்தடியில் விட்டால் போதும். புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், ஓடியாடட்டும்.

வெயில்?

நியூயார்க் நகரத்தில் பிள்ளைகள் ஜூன் மாதம் எழுதும் பள்ளித் தேர்வுகளை ஜிசுங் பார்க் என்பவர் வெப்பநிலையோடு பொருத்திப் பார்த்தார். 32 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்ட நாட்களில் எழுதியவர்களின் மதிப்பெண் தெளிவாகக் குறைந்திருந்தது, தேர்ச்சியே தவறியவர்களும் கூடினார்கள். நம் பிள்ளைகள் வெயிலில் வளர்ந்தவர்கள், அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனால் மார்ச் கடைசியில், தகர ஷீட் போட்ட வகுப்பறையில், பன்னிரண்டு மணிக்கு விடைத்தாளில் வியர்வை சொட்டி மை கலைவதை நான் பார்த்திருக்கிறேன். முழங்கைக்கு அடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டு எழுதுவார்கள்.

செய்யக்கூடியவை சின்ன விஷயங்கள்தான். மின்விசிறி ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். மேற்கு ஜன்னல் ஓரத்தில் யாரையும் போடாதீர்கள். தண்ணீர் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் மூன்றே கால் மணி நேரம் உட்காரும் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு ஹாலிலும் இருக்கிறார்கள். கழிப்பறை சுத்தமாக இருந்தால், கேட்டால் விடுவார்கள் என்று தெரிந்தால், அவர்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு. என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு எழுதப் போகிறாள். ஓஎம்ஆர் தாளில் என்ன இருக்கிறது, வட்டத்தைக் கருப்பாக்குவதுதானே?

அவள் வாழ்க்கையில் முதல் ஓஎம்ஆர் அதுவாகத்தான் இருக்கும். மனத்திறன் தேர்வில் 90 கேள்விக்கு 90 நிமிடம், படிப்பறிவுத் தேர்வில் இன்னொரு 90-க்கு 90. கேள்விக்கு ஒரு நிமிடம் என்று தெரிகிறது அல்லவா? அதில் வட்டம் நிரப்பும் நேரமும் அடக்கம்.

போன வருஷம் என் மாணவன் ஒருவன் 37-ஆவது கேள்வி கடினமாக இருக்கிறது என்று விட்டுவிட்டான். 38-க்கான விடையை 37-இன் வரிசையில் நிரப்பினான். அதிலிருந்து எல்லாமே ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது. கடைசிக் கேள்வியில் ஒரு வரிசை மிச்சம் இருந்தபோதுதான் விழித்துக்கொண்டான். பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. வெளியே வந்து என்னிடம் அவன் அழவில்லை, "சார், எல்லாம் தெரிஞ்சதுதான் சார்" என்று மட்டும் சொன்னான். தப்பு என்னுடையது. ஆறு மாதம் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த நான், ஒரு முறைகூட ஓஎம்ஆர் தாளைக் கையில் கொடுத்துப் பழக்கவில்லை.

இப்போது எல்லாரும் நகல் எடுத்த ஓஎம்ஆர் தாளில் குறைந்தது ஐந்து முறை நிரப்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கேள்வியை விட்டால் அந்த வரிசையில் ஓரமாக இடது கை விரலை வைக்கச் சொல்கிறேன். பத்துப் பத்தாக வரிசை எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறேன். சின்ன வகுப்புகளுக்கு 2021-ல் நடந்த தேசிய அடைவுத் தேர்வில் குழந்தை வினாத்தாளிலேயே குறித்தால் போதும் என்று இருந்தது, ஓஎம்ஆர் தாளுக்கு மாற்றுவது கள ஆய்வாளரின் வேலையாக இருந்தது. வட்டம் நிரப்புவது தனியான ஒரு திறமை என்று தேர்வை நடத்தியவர்களுக்கே தெரிந்திருந்ததால்தான் இந்த ஏற்பாடு.

கம்ப்யூட்டரில் தேர்வு வைத்தால்?

பழகாத வருஷம் அடி விழும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2015-லும் 2016-லும் சில பள்ளிகள் தாளிலும் சில பள்ளிகள் கம்ப்யூட்டரிலும் ஒரே தேர்வை நடத்தின. கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் கணக்கில் கொஞ்சமும், ஆங்கிலத்தில் அதைவிட அதிகமாகவும் பின்தங்கினார்கள். இரண்டாம் வருஷம் அந்த இடைவெளி முழுசாகப் போகவில்லை என்றாலும் இரண்டு பாடத்திலும் சுருங்கிவிட்டது. ஒரு வருஷத்தில் மூளை வளர்ந்துவிடவில்லை, மவுஸ் கைக்குப் பழகியது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பழக்கத்தைப் பள்ளிதான் தர வேண்டும், அதுவும் தேர்வுக்கு முன்னாலேயே.

பாவம், கொஞ்சம் சொல்லிக் கொடுத்தால் என்ன? பள்ளிக்கும் நல்ல பேர்தானே?

இந்தக் கேள்வி வெளியே கேட்கப்படுவதில்லை, ஆசிரியர் அறையில் கேட்கப்படுகிறது. ஆந்திராவில் 2,400-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. ஆசிரியர் கண்காணிப்பில் நடந்த தாள் தேர்வில் வந்த மதிப்பெண், பிள்ளைகளின் உண்மையான அளவைவிட ஊதியிருந்தது. டேப்லெட்டில் நடத்திய தேர்வு, வெளியாட்கள் தனியாக வைத்த தேர்வோடு ஒத்துப்போனது. ஊதிய மதிப்பெண்ணால் யாருக்கு நஷ்டம்? வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத்தான். "நன்றாகப் படிக்கிறாள்" என்று ஏட்டில் இருந்தால் அவளுக்கென்று யாரும் மாலையில் உட்கார்ந்து சொல்லித்தர மாட்டார்கள். இரக்கப்பட்டுச் சொல்லிக்கொடுக்கும் அந்த நாலு மார்க், அவளுக்கு வர வேண்டிய உதவியைத் தடுத்துவிடுகிறது.

பொதுத்தேர்வில் முதல் பதினைந்து நிமிடம் எதற்கு? உண்மையில் பயன்படுகிறதா?

பத்து மணிக்குக் கேள்வித்தாள், படிக்கப் பத்து நிமிடம், முகப்புத் தாளைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15-க்குத்தான் எழுத வேண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் பல அறைகளில் அந்தப் பத்து நிமிடத்தைக் கண்காணிப்பாளர்களே கெடுக்கிறார்கள். "கையெழுத்துப் போடு", "ஹால் டிக்கெட்டை எடு", "பையை வெளியே வை" என்று குரல் ஓய்வதே இல்லை. இதையெல்லாம் தாள் கொடுக்கும் முன் முடித்துவிட வேண்டும். கொடுத்தபின் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு: முதல் ஐந்து நிமிடம் தெரிந்த கேள்வியைத் தேடுங்கள், தெரியாததை எண்ணாதீர்கள். கட்டாயக் கேள்வி எது, "ஏதேனும் நான்கு" எது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். திருப்புதல் தேர்விலும் இதே பத்து நிமிடத்தை வைத்துப் பழக்காத பள்ளியில் பிள்ளைகள் அந்த நேரத்தில் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு. சலுகை வாங்கினால் "இவன் சலுகைக்காரன்" என்று பேர் வந்துவிடுமோ?

வாங்குங்கள் அம்மா. இது பிச்சை இல்லை. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு என்று குறைபாட்டுக்குத் தக்கபடி கிடைக்கும். மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்ற காரணத்துக்காக, சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2021-ல் சொல்லிவிட்டது.

இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். மருத்துவச் சான்றிதழ், தலைமை ஆசிரியர் கையெழுத்து, தேர்வுத் துறை அனுமதி என்று காகிதம் நகர மாதக்கணக்கில் ஆகும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். இரண்டாவது, சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவது பிள்ளைக்குப் புதிது. முன்பின் தெரியாத ஆசிரியரிடம் "முற்றுப்புள்ளி, அடுத்த வரி" என்று சொல்லக் கூச்சப்படுவான். வீட்டில் மாமாவையோ சித்தியையோ உட்கார வைத்து, பழைய கேள்வித்தாள் ஒன்றை முழுசாகச் சொல்லி எழுத வையுங்கள்.

கேள்வித்தாள் மொழியால் மார்க் போகுமா?

2018 நீட் தேர்வே சாட்சி. தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்குத் தொடுக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கருணையாக வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் பிறகு அதை ரத்து செய்தது. தீர்ப்பு எப்படியோ போகட்டும், தமிழில் படித்த பிள்ளை அந்த ஹாலில் ஒவ்வொரு பிழையிலும் இரண்டு மூன்று நிமிடம் நின்றிருக்கும். அதே வருஷம் நம் பிள்ளைகள் பலருக்கு எர்ணாகுளத்தில் மையம் போட்டார்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸிலோ ரயிலிலோ போய், விசாரித்து விசாரித்து மையத்தைக் கண்டுபிடித்து எழுதிய தேர்வும், நடந்துபோகும் தூரத்தில் எழுதிய தேர்வும் ஒன்றா?

பயத்துக்கு என்ன செய்வது?

"பயப்படாதே" என்று சொல்வதால் பயம் போனதாக நான் பார்த்ததில்லை. ராமிரெஸ், பைலாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-ல் காட்டிய ஒரு வழி உண்டு. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், தன் பயத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள், அதிலும் மிகவும் பதறுகிறவர்கள், மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எங்கள் பள்ளியில் திருப்புதல் தேர்வில் இதைச் செய்து பார்க்கிறோம். தாளை நான் வாங்கிப் படிப்பதில்லை, எழுதியவர்களே கிழித்துப் போட்டுவிடலாம். சுக்குநூறாகக் கிழிக்கிறார்கள்.

பரீட்சை முடிந்து வந்ததும் கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொன்றாகக் கேட்கலாமா?

அடுத்த நாளோ மறுநாளோ இன்னொரு தாள் இருந்தால் கேட்காதீர்கள். போன ஒரு மார்க்கை எண்ணி எண்ணிப் பிள்ளை ராத்திரி தூங்காது. கேள்வித்தாளை வாங்கி அலமாரியில் வையுங்கள். சாப்பாடு போடுங்கள், ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் படுக்க விடுங்கள். கடைசித் தாள் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து நிதானமாகப் பார்க்கலாம். அப்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: ஹாலில் உனக்கு என்ன தொந்தரவாக இருந்தது? பதிலை எங்களிடம் வந்து சொல்லுங்கள். ஆடுகிற பென்ச்சை அடுத்த தேர்வுக்குள் எங்களால் மாற்ற முடியும்.